தேயாத சவரன்

பழைய பிரிட்டிஷ் தங்க நாணயங்களை முதலீடாக வாங்குகிறவர்கள் இரண்டு பொருள்களுக்குச் சேர்த்து ஒரே விலை கொடுக்கிறார்கள். ஒன்று தங்கம், மற்றது வரலாறு. முதலாவதை நிறுக்கத் தராசு இருக்கிறது. இரண்டாவதை எதனால் நிறுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பாங்கில் குமாஸ்தாவாகப் பிழைத்துக்கொண்டு விமர்சனமும் எழுதுகிறவனுக்கு இது ஒன்றுக்கொன்று அந்நியமான இரண்டு விஷயமாகப் படவில்லை.

1489ல் ஏழாம் ஹென்றி அடிக்கச் சொன்ன முதல் சவரன் 240 கிரெயின் எடை. ஒரு பக்கம் சிம்மாசனத்தில் அரசன். மறுபக்கம் டியூடர் ரோஜா. நான்கு வருஷத்துக்கு முன்புதான் போரில் ஜெயித்து மகுடம் சூடியிருந்த ஒரு வம்சம், தன்னைப் பார்க்கும்படி உலகுக்குச் சொன்ன காசு அது. 1663ல், இரண்டாம் சார்லஸ் காலத்தில், கினி வந்தது. ஆப்பிரிக்கக் கம்பெனி கொண்டுவந்த தங்கத்தில் அடித்த கினிகளில் அரசன் தலைக்குக் கீழே ஒரு சிறிய யானையைப் பொறித்தார்கள். அந்தக் கம்பெனி மனிதர்களையும் அடிமைகளாக விற்றது. இன்று சேகரிப்பவர்கள் லென்ஸ் வைத்து அந்த யானையைத் தேடுகிறார்கள்.

முதலீட்டாளர்கள் பெரும்பாலும் கையாளுவது 1817ல் பிறந்த புதிய சவரனை. 22 காரட், 7.98 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். பின்புறம் செயின்ட் ஜார்ஜ் பாம்பரக்கனை வதைக்கும் காட்சி. வரைந்தவர் பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர். ஆங்கிலேயர்கள் தங்கள் தேசத்தின் முகம் என்று நினைக்கும் காசு ஓர் அந்நியன் கைவேலை.

இந்தக் காசுக்கு விதித்த முழு எடை 123.27 கிரெயின். புழங்கிப் புழங்கி 122.5க்குக் கீழே இறங்கினால் அது சட்டப்படி செல்லாது. அதாவது ஒரு கிரெயின்கூடத் தேய அனுமதியில்லை. 1840களில் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கவர்னராக இருந்த வில்லியம் காட்டன், காசுகளை ஒவ்வொன்றாகத் தானே நிறுத்து, குறைந்ததையும் நிறைந்ததையும் பிரித்துப் போடும் ஒரு யந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1868ல் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் பாங்குகளுக்கு எழுதி, கல்லாவில் இருக்கும் காசுகளை வருஷவாரியாக எண்ணித் தரச் சொன்னார். என் தொழில் முன்னோர்களான பெயர் தெரியாத குமாஸ்தாக்கள் எண்ணி அனுப்பினார்கள். புழக்கத்திலிருந்த சவரன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்தவை என்று அதிலிருந்து தெரிந்தது. கடைக்காரன் கை, சம்பளப் பை, சீட்டாட்ட மேஜை என்று ஒரு தேசத்தின் அன்றாடம் உரசிக்கொண்டு போன தங்கம் அது. வரலாறு என்று ஏதாவது ஒரு காசில் ஸ்தூலமாகப் படிந்திருக்குமானால் அது இந்தக் குறைவில்தான்.

ஆனால் லண்டன் வியாபாரியின் விலைப்பட்டியல் நேர் எதிராகப் பேசுகிறது. தேய்ந்த சவரன் வெறும் தங்கத்தின் விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கை படாதது, விளிம்பு மங்காதது, பெட்டியை விட்டு வெளியே வராதது மேலே போகிறது. 1819ல் அடித்தவை 3,574 மட்டுமே; தப்பியவை மிகச் சில; விலை எட்டாத உயரத்தில். எல்லாவற்றுக்கும் மேலே எட்டாம் எட்வர்டின் சவரன். 1936 டிசம்பரில் அவர் முடி துறந்தார். 1937 என்று தேதியிட்ட சில மாதிரிக் காசுகள் மட்டும் மிஞ்சின. அதில் ஒன்று 2020ல் பத்து லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. ஒருநாள்கூட நாணயமாக இருந்திராத நாணயம். வரலாறு படாத காசைத்தான் சந்தை வரலாற்றுக் காசு என்கிறது.

இதில் அரசாங்கத்தின் பங்கு இன்னும் விசித்திரமானது. 1914ல் போர் வந்ததும் காகித நோட்டு வந்தது, தங்கம் பெட்டிக்குள் போயிற்று. ஆனால் வெளிநாடுகளில் சவரனுக்கு மவுசு குறையவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிலான் நகரில் ஒருவன் சவரன் அடித்து விற்கத் தொடங்கினான். தங்கத்தில் கள்ளமில்லை, முத்திரையில்தான் கள்ளம். அவனை ஒப்படைக்கும்படி பிரிட்டன் கேட்டது. சவரன் இப்போது புழங்கும் பணமே அல்ல, ஆகவே இது கள்ளப்பணமும் அல்ல என்று 1952ல் சுவிஸ் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே வருஷங்களில், 1949க்கும் 1952க்கும் இடையே, லண்டன் நாணயச்சாலையே 1925 என்று தேதியிட்டு, 1936ல் இறந்துபோன ஐந்தாம் ஜார்ஜின் தலையோடு சவரன்களை அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு சவரனிலும் தங்கம் மெய். இரண்டிலும் தேதி பொய். ஒன்றுக்குப் பெயர் மறுபதிப்பு, மற்றதற்குப் பெயர் போலி. உருவமா உள்ளடக்கமா என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டுவரும் நம்மவர்கள் இந்த வழக்கைப் படித்திருக்க வேண்டும்.

1957ல் உண்மையான தேதியோடு மறுபடி அடித்தார்கள். 1966ல் இன்னொரு சட்டம்: 1837க்குப் பிந்திய தங்கக் காசு நான்குக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால், 'சேகரிப்பவர்' என்று பாங்க் ஆஃப் இங்கிலாந்திடம் உரிமம் பெற வேண்டும். ரசனைக்கு உரிமம்! இன்று நிலைமை தலைகீழ். 1837 முதல் அடித்த சவரன்கள் சட்டப்படி செல்லும் பணம் என்ற காரணத்தால், அவற்றை விற்ற லாபத்துக்கு பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை. முகப்பு மதிப்பு ஒரே ஒரு பவுன். அந்த மதிப்புக்கு யாரும் செலவழிக்க மாட்டார்கள் என்ற நிச்சயத்தில்தான் அது பணமாக நீடிக்கிறது.

1899ல் சவரன் இங்கேயும் 15 ரூபாய்க்குச் செல்லும் என்று சட்டமாயிற்று. 1918ல் ஒரே ஒரு வருஷம் பம்பாயில் ஏறத்தாழ 13 லட்சம் சவரன் அடித்தார்கள். பிறகு காசு போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. ராஜா தலை, குதிரை, தேதி எல்லாம் உதிர்ந்து, எட்டு கிராம் என்ற எடை மட்டும் தமிழில் பவுனாக, சவரனாகப் பாக்கி நிற்கிறது. நம் வீடுகளில் கிடைத்த அசல் சவரனுக்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டார்கள். லண்டனில் அதற்குப் பெயர் சேதம்.

நம் இலக்கியச் சேமிப்பையும் அந்த லண்டன் கண்ணோடுதான் பார்க்கிறோம் என்று எனக்குச் சந்தேகம். புரட்டாத பக்கத்துக்குப் பெருமை அதிகம். படித்து, சண்டை போட்டு, தப்பாக மேற்கோள் காட்டித் தேய்த்த எழுத்துக்கு மதிப்புக் குறைவு. தேய்ந்ததெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. காட்டனின் யந்திரம் தேவைதான், எடை இறங்கியதை எடுத்து உருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த யந்திரம் புழங்கிய காசை நிறுப்பதற்காகப் பிறந்தது. பெட்டியில் பூட்டி வைத்ததற்குத் தராசே வேண்டாம், பட்டியல் போதும். முதலீட்டுக்காக எது வாங்கலாம் என்று என் கவுண்ட்டரில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை; அது என் வேலையல்ல. எனக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னால், 122.5க்குச் சற்று மேலே, செல்லும்படியாக இன்னும் மிஞ்சியிருக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வேன்.