கிளட்ச் பாரத்தைப் பகிர்ந்த எலிப்பொறி

1951 வரை மில்வாக்கியில் தயாரான பெரிய ஹார்லி-டேவிட்சன் பைக்குகளில் கிளட்ச் இடது காலில் இருந்தது. கியர் தண்டு பெட்ரோல் டேங்கின் பக்கத்தில். குதிகாலால் மிதித்தால் கிளட்ச் விடுபடும். முன்பாதத்தால் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். காலின் வலுவுக்கு அது ஒரு பாரமே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வந்திறங்கிய டிரையம்ஃப், பிஎஸ்ஏ போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் காலில், கிளட்ச் கையில். இளைஞர்களுக்கு அது பிடித்துப்போகவே, 1952-இல் ஹார்லியும் தன் பெரிய வண்டிகளில் அந்த அமைப்பைக் கொண்டுவந்தது. பழைய முறை கேட்டவர்களுக்கு அதையும் தொடர்ந்து விற்றது.

சிக்கல் கை லீவரில் வந்தது. அந்தக் கிளட்சின் தட்டுகளை 10 ஸ்பிரிங்குகள் இறுக்கிப் பிடித்திருந்தன. பெரிய இன்ஜினின் இழுவை வழுக்காமல் பின்சக்கரத்துக்குப் போக அவ்வளவு இறுக்கம் தேவை. அதை இப்போது விரல்களே இழுக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் விரல்கள் தப்பிக்கும், கிளட்ச் வழுக்கும்.

ஹார்லி பொறியாளர்கள் கண்ட வழி அழகானது: ஸ்பிரிங்கைச் சமாளிக்க இன்னொரு ஸ்பிரிங். ஃபிரேமின் முன்பக்கத்தில் ஒரு நெம்புகோல், அதோடு ஒரு வலுவான சுருள் ஸ்பிரிங். கேபிள் நெம்புகோலை இழுக்கும் முதல் கொஞ்ச தூரம் அந்த ஸ்பிரிங் எதிர்த்தே நிற்கும். நெம்புகோல் நடுக்கோட்டைத் தாண்டியதும் கட்சி மாறி, கையோடு சேர்ந்து இழுக்கும். லீவரை விடும்போது கிளட்ச் ஸ்பிரிங்குகளே அதைத் திரும்ப இழுத்து, அடுத்த முறைக்குத் தயாராக்கிவிடும். மெக்கானிக்குகள் இதற்கு வைத்த பெயர் எலிப்பொறி. அந்தச் சுருள் ஸ்பிரிங்கின் இறுக்கம் கூடினால் லீவர் திரும்பி வராது. குறைந்தால் பாரம் முழுக்க மறுபடி கைக்கே. கைப்பழக்கம் உள்ளவரால்தான் அதைச் சரியாக வைக்க முடியும்.

பிற்காலத்தில் ஹைட்ராலிக் கிளட்சுகள் வந்தன. ஆனால் பெரிய மாற்றம் கிளட்சுக்குள்ளேயே நடந்தது. 2012-இல் அறிமுகமான கவாசாகி நின்ஜா 300 போன்ற வண்டிகளிலுள்ள அசிஸ்ட் கிளட்சில், இன்ஜின் இழுக்கும்போது சரிவான கேம்கள் தட்டுகளைத் தாமாகவே நெருக்குகின்றன. பிடியில் ஒரு பங்கை இன்ஜினே தந்துவிடுவதால் மென்மையான ஸ்பிரிங்குகள் போதும். கியர் மாற்ற ஆக்சிலரேட்டரை விட்டதும் கேம்களின் நெருக்கமும் தளர்ந்துவிடும். கை இழுக்க வேண்டியது அந்த மென்மையான ஸ்பிரிங்குகளை மட்டுமே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டும் 2018-இல் வந்த இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி 650 வண்டிகளில் இந்த வகைக் கிளட்சையே வைத்தது.