கலெக்டரும் ஸ்வீகாரமும்

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுச் சீமையிலே கணவனும் மனைவியும் ஒரே ஆலைக்கு வேலைக்குப் போய்வருவது சர்வசாதாரணமாகையால், ஒரு விபத்து நேர்ந்தால் பெற்றோர் இருவரையும் ஒரே பகலில் இழந்து ஒரு குழந்தை நிற்பதும் இங்கே நடக்கக்கூடியதே. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12ஆம் தேதி ஆலை ஒன்று வெடித்து இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டதைப் பத்திரிகைகளில் படித்தவர்கள் நிவாரணத் தொகையைப் பற்றியே அதிகம் பேசினார்கள். ஆனால் இத்தகைய துக்க வீடுகளில் அடங்கிய குரலில் பேசப்படுவது, பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்பதுதான். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் தாய்மாமனோ, பெரியம்மாவோ, அப்பாயியோ குழந்தையைக் கையோடு அழைத்துப் போய்விடுவார்கள். பத்திரமும் கிடையாது, முத்திரையும் கிடையாது. ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதும், பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் ‘கார்டியன்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவதுமே அந்த ஸ்வீகாரத்துக்குள்ள சாட்சியம்.

அந்த மாமன் சிங்கப்பூரிலோ லண்டனிலோ குடியேறியவனாயிருந்தால் மாத்திரம் விஷயம் வேறாகிவிடுகிறது. குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். அவை இரண்டுக்கும் முன்பாக, இது இவன் பிள்ளைதான் என்று இரு தேசத்துச் சர்க்காரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலைத் தரும் அதிகாரம் யாருக்கு உரியது என்பது சென்ற நூற்றைம்பது வருஷங்களில் எத்தனை கைகள் மாறியிருக்கிறது என்பதைச் சொல்லப் புகுந்தால், இராமநாதபுரத்தில் தொடங்குவதே முறை. விருதுநகர் மாவட்டம் 1985இல் தனியாகும்வரை அந்த ஜில்லாவின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது.

இராமநாதபுரம் ஜமீனுக்குரிய சேதுபதி வமிசத்து ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், ஆண் வாரிசின்றிக் காலமான தம் கணவருக்காக, பங்காளிகளின் சம்மதத்தைப் பெற்று முத்துராமலிங்கம் என்ற பிள்ளையை ஸ்வீகாரம் செய்துகொண்டார். கணவர் தம் ஜீவிய காலத்தில் அதற்கு அனுமதி தந்ததாக ருசு இல்லாமையால் அந்த ஸ்வீகாரம் செல்லாதென்றும், வாரிசற்ற ஜமீன் சர்க்காரையே சேருமென்றும் வாதாடி நின்றவர் மதுரைக் கலெக்டர். டல்ஹௌஸி பிரபு சத்தாரா, ஜான்ஸி முதலிய சமஸ்தானங்களை இதைப்போன்ற நியாயத்தைச் சொல்லித்தான் விழுங்கினார் என்பதை நினைத்துப் பார்த்தால், கலெக்டரின் வாதம் எந்தப் பள்ளியில் பயின்றது என்பது புலப்படும். வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கௌன்சிலை அடைந்தது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட தேசவழக்கம் சாஸ்திர வாக்கியத்தையும் மேவி நிற்கும் என்றும், திராவிட தேசத்தில் கணவனுடைய அனுமதி இல்லாவிடினும் சபிண்டர்களான பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்றும் 1868இல் தீர்ப்பாயிற்று. கலெக்டர் தோற்றார். எனினும் இந்தப் பிரசித்தமான வழக்கில் விசாரிக்கப்பட்டது ஜமீனும் பிண்டமுமேயன்றி, தத்துப் போன பிள்ளையின் க்ஷேமம் அன்று. பிள்ளை ஒரு நிமித்தம், அவ்வளவுதான்.

அந்த நோக்கு மாற ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்க இடம் தந்தது. விவாகமாகாத பெண்ணும் விதவையும் தம் சொந்த உரிமையில் தத்தெடுக்கலாம் என்றது. ஆனால் அது இந்துக்களுக்கும், பௌத்தர், ஜைனர், சீக்கியர்களுக்குமே உரியது. அனாதை விடுதியிலிருந்து குழந்தையைக் கேட்டு வந்த ஐரோப்பிய, அமெரிக்கத் தம்பதிகளுக்கு அதில் இடமில்லை. அவர்கள் 1890ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டத்தின்படி ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டு, குழந்தைக்குப் பாதுகாவலராகி, அயல்தேசம் கொண்டுசெல்ல உத்தரவு பெற்று, தங்கள் ஊர் சேர்ந்தபின் அந்நாட்டுச் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார்கள். சகல மதத்தாருக்கும் பொதுவான மசோதா ஒன்று 1972இல் பார்லிமெண்டுக்கு வந்து, 1978இல் வாபஸாயிற்று.

பார்லிமெண்டு செய்யாததைச் செய்வித்தது ஒரு கடிதம். குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதியதையே மனுவாக ஏற்று, 1984 பிப்ரவரி 6ஆம் தேதி நீதிபதி பகவதி விதிமுறைகளை வகுத்தார். குழந்தைக்கு முதலில் இந்தியக் குடும்பமே தேடப்பட வேண்டும். அயல்நாட்டார் தம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தின் மூலமாகவே வர வேண்டும். அவர்களுடைய வீடு, வருமானம், சுபாவம் யாவும் ஆராயப்பட்டு அறிக்கை வர வேண்டும். இவ்விதிகளைப் பின்பற்றி 1990இல் டில்லியில் தத்தெடுப்புக்கென்று ‘காரா’ என்ற மத்திய ஸ்தாபனம் தோன்றியது. அயல்நாட்டுத் தத்தெடுப்பைப் பற்றிய 1993ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையில் 2003இல் இந்தியாவும் சேர்ந்தது. இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள், தெருவிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பேரில் அயல்தேசங்களுக்குப் போனது 2005இல் சென்னையில் அம்பலமானதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் காராவுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. அதன்பின் மாறுதல்கள் வந்த வேகமோ, மனுப் போட்டுக் காத்திருப்பவர்களைத் திகைக்கவைப்பதாயிருந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கேட்கும் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 90க்கு மேற்படலாகாது என்பது 2017ஆம் வருஷத்து விதி. 2022 செப்டம்பரில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் 85 என்று அது சுருங்கிற்று. இரண்டு குழந்தைகள் உள்ளவர்கள் மூன்றாவதாக ஒரு சாதாரணக் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்றிருந்ததும் அப்போதே நீங்கி, விசேஷ கவனிப்புத் தேவைப்படும் குழந்தைகள், எளிதில் இடம் கிடைக்காத குழந்தைகள், உறவுக் குழந்தைகள் ஆகியோருக்கு மட்டும் விலக்குத் தரப்பட்டது. முன்னமே பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கும் இது பொருந்துமென்று காரா சொல்ல, அவர்கள் வழக்காடினார்கள். தத்தெடுப்பது அடிப்படை உரிமையன்று என்று 2024இல் டில்லி ஹைகோர்ட் அவர்களைத் திருப்பியனுப்பியது. குழந்தையை முன்னிறுத்தும் சட்டம் பெற்றோருக்கு உரிமை இல்லையென்பது நியாயமே. ஆயினும், வரிசையில் நின்றவர்களை நின்றபடியே விட்டு வரிசையின் விதியை மாற்றுவது நேர்மையாகுமா என்பதில் எனக்குச் சம்சயம் உண்டு. மாறுவது இந்தத் தேசத்துச் சட்டம் மட்டுமன்று: அச்சங்குளம் வெடித்ததற்கு நான்கு நாள் முன்பு நெதர்லாந்து, பழைய முறைகேடுகளை விசாரித்த குழுவின் அறிக்கையைக் கண்டு, அயல்நாட்டுத் தத்துக்களையே நிறுத்திவைத்தது.

இவற்றில் எல்லாம் பெரிய மாறுதல் 2022 செப்டம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. தத்து உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் கோர்ட்டுகளிடமிருந்து எடுக்கப்பட்டு, மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம், அதாவது நம் கலெக்டரிடம், ஒப்படைக்கப்பட்டது. கோர்ட்டில் முடிவை எதிர்பார்த்திருந்த வழக்குக் கட்டுகளும் இடம் மாற வேண்டும் என்றதால், விசாரணை முடியும் தறுவாயில் இருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று கலங்கினார்கள். 2023 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட் அந்த மாற்றத்தைத் தன் எல்லைக்குள் நிறுத்திவைத்தது. சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஜனங்களுக்கு மாவட்ட நிர்வாகம் பரிச்சயமானதுதான்: சிறிய ஆலைக்கு மாவட்ட வருவாய் அதிகாரியின் ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். வெடிமருந்து ஆலைக்குத் தடையில்லாச் சான்று கொடுப்பதும், அது வெடித்தால் நிவாரணக் காசோலை கொடுப்பதும், அதனால் அனாதையான குழந்தையை இன்னாருடைய பிள்ளை என்று உத்தரவிடுவதும் இப்போது ஒரே அலுவலகம். 1868இல் ஒரு ஸ்வீகாரத்தை அழிக்க லண்டன்வரை போன பதவிக்கு, ஸ்வீகாரத்தை ஆக்கும் பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் அயல்நாட்டு மாமனின் மனு அந்த மேஜைக்கு வந்தால், முதலில் ‘உறவினர்’ என்பதற்குச் சட்டம் தரும் இலக்கணத்தைக் கடக்க வேண்டும். தந்தை வழியிலும் தாய் வழியிலும் பெற்றோருடன் பிறந்தவர்களும், தாத்தா பாட்டிகளும் மட்டுமே அதில் அடங்குவர். ஒன்றுவிட்ட சித்தப்பா அதில் இல்லை. வயது வந்த அக்காளும் இல்லை. இந்துக்களாயின் 1956ஆம் வருஷத்துச் சட்டப்படி இங்கே தத்துப் பத்திரம் எழுதி, கலெக்டரின் சரிபார்ப்போடு காராவின் தடையில்லாச் சான்றைக் கோர 2021 செப்டம்பரில் ஒரு வழி திறக்கப்பட்டிருக்கிறது. அதற்கும், மாறான குலவழக்கம் இருந்தாலன்றி, குழந்தைக்குப் பதினைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்ததாயிருந்து, கேட்பவர் ஒன்றுவிட்ட மாமனாயுமிருந்தால், இந்த இரண்டு கதவுகளும் அவருக்குத் திறப்பதில்லை.