காய்ச்சலின் ஏற்றமும் இறக்கமும்



கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவிலே மாவனல்லைப் பாலத்தைக் கடந்து சென்றோர் உங்களுட் பலர் இருப்பீர்கள். அப்பாலத்தின் கீழே ஓடுவது மா ஓயா. மழைக்காலத்திலே கரைபுரண்டு செல்லும் அவ்வாறு, மழை பொய்த்த காலத்திலே மெலிந்து, பாறைகளுக்கும் மணல் மேடுகளுக்கும் இடையே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கிக் கிடக்கும். அக்குட்டைகள் எழுதிய வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நோய் கூடியது, நோய் குறைந்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். கூடிற்றென்பதை எதனால் அளப்பது? குறைந்ததென்பதை எவ்வாறு அறிவது? குறைந்த எண்ணைக் கண்டதும் மனஅமைதி கொள்ளலாமா? மருத்துவ ஆராய்ச்சிக்கு அடிப்படையான இவ்வினாக்களுக்கு, எங்கள் கேகாலை மாவட்டம் பெரும் விலை கொடுத்து விடை கண்டது.

1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை தவறிற்று. மா ஓயா, தெதுரு ஓயா, களனி கங்கை முதலிய ஆறுகளின் படுகைகளிலே நீர் ஓட்டமின்றித் தேங்கிற்று. தெளிந்த, வெயில் படுகின்ற நீரிலே முட்டையிடும் இயல்புடையது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு. ஆறு வேகமாக ஓடும் ஆண்டுகளில் அதன் குடம்பிகளை நீரே அடித்துச் சென்றுவிடும். அவ்வாண்டிலோ அடித்துச் செல்ல நீரில்லை. ஐப்பசி, கார்த்திகையிலே மலேரியாக் காய்ச்சல் தீப்போலப் பரவிற்று. வைத்தியசாலைகளின் வாயிலிலும் தாழ்வாரத்திலும் நோயாளர் குவிந்தனர். ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த இத்தீவிலே ஏறக்குறைய 15 இலட்சம் பேர் நோயுற்றனர். சுமார் 80,000 பேர் மாண்டனர். கேகாலையும் குருநாகலுமே மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள்.

இந்த 80,000 என்னும் எண் எவ்வாறு கிடைத்தது? மரணப் பதிவேடுகளிலே 'மலேரியா' என்று எழுதப்பட்டவற்றைக் கூட்டி இதனைப் பெறவில்லை. அக்காலத்துக் கிராமப் பதிவாளர் வைத்தியம் கற்றவர் அல்லர். இறந்தவரின் உறவினர் சொன்னதையே அவர் எழுதினார். மலேரியாவினால் மாண்ட கைக்குழந்தைக்கு 'வலிப்பு' என்றும், முதியவருக்குத் 'தளர்ச்சி' என்றும், மற்றையோருக்குக் 'காய்ச்சல்' என்றும் பதிவு விழுந்தது. ஆகவே ஆராய்ந்தோர் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். வழக்கமான ஆண்டுகளில் அதே மாதங்களில் எத்தனை பேர் இறப்பர் என்று கணக்கிட்டு, அத்தொகைக்கு மேற்பட்ட மரணங்களைக் கொள்ளைநோயின் கணக்கிலே சேர்த்தனர். ஆயிரம் பேருக்கு 1934இல் 22.9 ஆக இருந்த மரண வீதம், 1935இல் 36.6 ஆக உயர்ந்தது. உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் இறந்தன; அஃதாவது நான்கில் ஒன்றுக்கு மேல். ஏற்றத்தை அளப்பதற்கு முதலில் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் முதற்பாடம்.

எண்களைப் படியாத மக்களும் தமக்கென ஒரு கணக்கு வைத்திருந்தனர். உணவும் மருந்தும் கொண்டு கிராமங்களுக்குச் சென்ற தொண்டர்களுள் ஒருவரான என். எம். பெரேரா, 1936இல் இம்மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார்.

இனி இரண்டாம் பாடத்துக்கு வருவோம். மலேரியாவை அளப்பதற்குப் பழைய வழி ஒன்றுண்டு. நோய் அடிக்கடி தாக்கினால் வயிற்றின் இடப்புறத்திலுள்ள மண்ணீரல் வீங்கும். காய்ச்சற்கட்டி என்று நம் முன்னோர் சொன்னது இதனையே. நூறு பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது என்று எண்ணினால், அவ்வூரிலே மலேரியாவின் ஆட்சி எத்தகையது என்று அறியலாம். 1840களில் வடஇந்தியாவிலே யமுனைக் கால்வாய் ஓரத்து ஊர்களில் தெம்ப்ஸ்டர் என்னும் வைத்தியர் இம்முறையைக் கையாண்டார். ஊசியும் நுணுக்குக்காட்டியும் வேண்டாத அளவை இது, கையொன்றே போதும்.

இவ்வளவையால் இலங்கையை அளந்தபோது, அனுராதபுரம் போன்ற வறண்ட நாட்டிலே மண்ணீரல் வீதம் உயர்ந்திருந்தது. கேகாலையின் ஈர நாட்டிலே தாழ்ந்திருந்தது. எங்கள் பாடசாலையின் மேல் வகுப்பிலே இதனைச் சொல்லி, "பெருங்கொள்ளை வந்தால் எவ்வூர் மிகுதியாக அழியும்?" என்று கேட்பது என் வழக்கம். எல்லாரும் அனுராதபுரம் என்றே விடை கூறுவர். நடந்ததோ நேர்மாறு. ஆண்டுதோறும் மலேரியாவுடன் வாழ்ந்த மக்களின் உடல், ஓரளவு அதனைத் தாங்கப் பழகியிருந்தது. கேகாலை மக்களுக்கோ அப்பழக்கம் இல்லை. ஆறு ஓடும் வரை ஆறே அவர்களுக்குக் காவல். ஆறு நின்றதும் காவலும் நின்றது. தாழ்ந்த எண் அவர்களுடைய பலத்தைக் காட்டவில்லை, பழக்கமின்மையைக் காட்டிற்று.

அடுத்து வந்தது இறக்கத்தின் காலம். இரண்டாம் உலகப் போரின் முடிவிலே டீ.டீ.ரீ. என்னும் மருந்து கிடைத்தது. 1946ஆம் ஆண்டு தொடங்கி வீட்டுச் சுவர்களிலெல்லாம் அதனைத் தெளித்தனர். அவ்வாண்டிலே ஆயிரத்துக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த மரண வீதம், 1947இல் ஏறக்குறைய 14 ஆக வீழ்ந்தது. ஒரே ஆண்டில் இத்துணைப் பெரிய இறக்கத்தை உலகம் வியந்து நோக்கிற்று. டீ.டீ.ரீ.யின் வெற்றி என்று பலர் முழங்கினர்.

அறிஞர் சிலர் பொறுமையாக வினவினர்: மருந்துக்குப் பின் வந்த இறக்கம் முழுவதும் மருந்தினால் வந்ததுதானா? மலேரியா மிகுதியாக இல்லாத இடங்களிலும் மரணம் குறைந்ததே என்று பிரடெரிக்சன் என்பவர் சுட்டிக்காட்டினார். வைத்தியசாலைகள் பெருகியமையையும் உணவு நிலையையும் கருதவேண்டும் என்று நம் நாட்டுக் குடித்தொகை ஆய்வாளர் மீகம 1967இல் எழுதினார். மண்ணீரல் வீதம் உயர்ந்த மாவட்டங்களையும் தாழ்ந்த மாவட்டங்களையும் ஒப்புநோக்கிய பீற்றர் நியூமன், போருக்குப் பிந்திய மரண இறக்கத்திலே ஐந்தில் இரண்டு பங்குக்கு மலேரியா ஒழிப்பே காரணம் என்றார். 1974இல் கிரே என்பவர் மீண்டும் கணக்கிட்டு, காற்பங்குக்குச் சற்றுக் குறைவே என்றார். பதிவேடுகள் அவையே, கணக்கிடும் முறை வேறாகவே விடையும் வேறாயிற்று. ஒன்றன் பின் ஒன்று நிகழ்ந்தது என்பதனால், முன்னது பின்னதற்கு முழுக் காரணம் ஆகிவிடாது. ஒப்பிட்டுப் பார்த்தற்கு மற்றொன்று இருத்தல் வேண்டும். இது மூன்றாம் பாடம்.

சராசரி என்பது பலருடைய நிலையை ஒன்றாகக் கலந்து காட்டும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எம்மைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்வோர் இதனை மறத்தல் இயலாது. தோட்டங்களின் பிறப்பு இறப்புகள் நெடுங்காலமாகத் தனியே கணக்கிடப்பட்டு வந்தன. 1974இல் உணவுப் பஞ்சம் நேர்ந்தபோது, தீவின் மரண வீதம் ஓரளவே உயர்ந்தது. தோட்டங்களின் வீதமோ மிகக் கடுமையாக ஏறிற்று. தோட்டத்துக்கெனத் தனிக் கணக்கு இருந்திராவிடின், அவ்வேற்றம் சராசரியினுள்ளே மறைந்து போயிருக்கும்.

மீண்டும் மலேரியாவின் கதைக்கு வருவோம். 1963ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதிலும் காணப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே. இலட்சக்கணக்கிலிருந்து பதினேழு! மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது, காவலும் தளர்ந்தது. அதன் பின் வந்த எண்களைக் கேளுங்கள். 1964இல் 150, 1965இல் 308, 1966இல் 499, 1967இல் 3,466. கழித்துப் பார்ப்பவனுக்கு இவை அற்பத் தொகைகள்: முதலாண்டில் 133 பேர் கூடினர், அவ்வளவே. வகுத்துப் பார்ப்பவனுக்கோ அதே ஏற்றம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு! தொற்றுநோய் பெருகுவது வட்டிக்கு வட்டி ஏறுவது போன்றது. எத்தனை பேர் கூடினர் என்பதோடு எத்தனை மடங்கு கூடினர் என்றும் கேட்டல் வேண்டும். எலஹெரப் பகுதியிலே இரத்தினக்கல் தேடுவோர் கூடினர்; அவர்கள் தோண்டிய குழிகளிலே நீர் தேங்கிற்று. இரத்தினபுரி நேயர்களுக்கு அக்குழிகளை விளக்கவேண்டியதில்லை. அங்கு வந்தோர் தத்தம் ஊர் திரும்பியபோது நோயும் உடன் சென்றது. 1968இல் நோயாளர் தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டிற்று. 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. 1934இல் கேகாலைக்கு நேர்ந்தது மீண்டும் நேர்ந்தது. அன்று தாழ்ந்த மண்ணீரல் வீதம். இன்னொரு நாள் பதினேழு என்னும் எண். இரண்டும் காவலனை உறங்கச் செய்தன.

பின்னர் நெடிய போராட்டம் நடந்தது. டீ.டீ.ரீ.க்கு நுளம்பு பழகிக்கொண்டமையால் 1970களில் வேறு மருந்தை நாடவேண்டியதாயிற்று. 1999இல் மறுபடியும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். எனினும் இம்முறை எண் குறையக் குறையக் காவல் கூடிற்று. காய்ச்சல் கண்டோரின் இரத்தத்தைச் சோதித்து, ஒவ்வொரு நோயாளரின் வீட்டையும் நாடிச் சென்று, நோய் எங்கிருந்து வந்தது என்று உசாவினர். 2016க்கு முன் உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம், இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்று வழங்கிற்று.

அப்படியாயின் பூச்சியம் என்பது முடிவான எண்ணா? அன்று, நேயர்களே. பிற நாடுகளிலிருந்து நோயுடன் வருவோர் ஆண்டுதோறும் காணப்படுகின்றனர். சான்று கிடைத்த ஆண்டின் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளர்வது. நம் பிள்ளைகளின் உடலிலே மலேரியாவைத் தாங்கும் பழக்கம் இன்று இல்லை. 1934இல் கேகாலை இருந்த நிலையிலே இன்று நாடு முழுவதும் இருக்கின்றது.

ஆகவே ஏற்றத்தை அளப்போர் இயல்பை அறிதல் வேண்டும். இறக்கத்தை அளப்போர் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். பூச்சியத்தை அடைந்தோர் எண்ணுவதை நிறுத்தாதிருத்தல் வேண்டும். காய்ச்சலுடன் வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் உங்கள் வீட்டில் இருப்பின், இரத்தச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அக்கணக்கிலே ஒன்று தவறாமற் பார்ப்பது ஒவ்வொரு வீட்டாரின் பொறுப்புமாகும். மாவனல்லைப் பாலத்தை அடுத்த முறை கடக்கும்போது, கீழே நீர் ஓடுகின்றதா, தேங்கி நிற்கின்றதா என்று ஒருகணம் எட்டிப் பாருங்கள்.