பூமுடியும் மழித்த தலையும்

திருமண ஏற்பாட்டு நிறுவனங்களிடம் இப்போது ஒரு பட்டியல் கிடைக்கிறது. 'போஹோ' என்பது அதன் செல்லப் பெயர். விரித்தால் போஹீமியப் பாணித் திருமணம். மண்டபம் வேண்டாம்; புல்வெளியோ கடற்கரையோ போதும். நாற்காலிகளுக்குப் பதில் தரையில் பழைய கம்பளங்கள். மணப்பெண்ணுக்குப் பின்னல் கிடையாது. அவிழ்ந்த கூந்தல், அதன்மேல் காட்டுப்பூக்களால் ஆன முடி, லேஸ் வைத்த தளர்வான வெள்ளை உடை, கழுத்தில் பாசிமணிகள். ஓரமாக, படம் எடுத்துக்கொள்ள ஒரு மரவண்டி. காலம் கோடை. ஐரோப்பாவில் கோடை என்பது ஆண்டுக்கு மூன்று மாதம் கிடைக்கும் இளவெயில். அந்தப் பட்டியலைச் சித்திரை வெயிலில் நடத்திப் பார்க்க நினைப்பவர்களின் துணிச்சலை வாழ்த்தலாம்.

என் மாணவிகள் சிலருக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். "இதுல சீர் இல்ல மேடம், சடங்கு இல்ல, ஃப்ரீயா இருக்கு" என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை நான் கேலி செய்யமாட்டேன். சீர்வரிசையை எண்ணிப் பார்க்கும் கண்களிலிருந்து தப்பிக்க ஒரு பெண் திறந்தவெளியைத் தேடினால் அது நியாயமான ஆசை. ஆனால் விடுதலையின் அடையாளங்களாக அந்தப் பட்டியலில் இருக்கும் கூந்தல், பூ, லேஸ், வண்டி, வானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பெண்கள் கொடுத்த விலையும் உண்டு.

முதலில் சொல். போஹீமியா என்பது இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி. 15ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குள் கூட்டம் கூட்டமாக வந்த ரோமா மக்களை, அவர்கள் போஹீமியாவிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணி, பிரெஞ்சுக்காரர்கள் 'போஹீமியர்' என்று அழைத்தார்கள். உண்மையில் அவர்களுடைய முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து கிளம்பியவர்கள். இன்றும் ரோமானி மொழியில் நீருக்குப் பானி, மூக்குக்கு நாக், காதுக்குக் கான். 1427 ஆகஸ்டில் பாரிசுக்கு வெளியே அவர்கள் தங்கியபோது ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கப் போனது. அவர்களுடைய பெண்கள் கைரேகை பார்த்துச் சொன்னார்கள். கையை நீட்டியவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார் பாரிஸ் ஆயர். வந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

வேடிக்கையும் விலக்கும் சேர்ந்தே வந்தன. 1682இல் பதினான்காம் லூயி மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். பிடிபடும் 'போஹீமிய' ஆண்களுக்கு ஆயுள் முழுக்கக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. குழந்தைகள் அநாதை விடுதிக்கு. பெண்களுக்கு முதல் தடவை தலையை மழிப்பது. அதற்குப் பிறகும் அலைந்தால் கசையடியும் நாடுகடத்தலும். 'போஹீமியக் கூந்தல்' என்று இன்று அழகுநிலையங்கள் பெயர் வைத்திருக்கும் அந்த அவிழ்ந்த முடிக்கு, அந்தப் பெயருக்கு உரிய பெண்களிடம் சட்டம் வசூலித்த விலை இது. தலைமுடியைப் பறிப்பது பெண்ணுக்குத் தண்டனை என்பதைக் கைம்பெண்களின் தலையை மழித்த நம் ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சொல் எப்போது இனித்தது? 1840களில், பாரிசின் ஏழை ஓவியர்களும் எழுத்தாளர்களும் வாடகை கொடுக்க முடியாத தங்கள் வாழ்க்கைக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டபோது. ஹென்றி முர்ஷே அந்த வாழ்க்கையைப் பத்திரிகைக் கதைகளாக எழுதினார். 1849இல் நாடகமாயிற்று, 1851இல் புத்தகமாயிற்று, 1896இல் புச்சினியின் இசையில் 'லா போஹேம்' ஆயிற்று. அதில் ஆண்கள் கவிஞர், ஓவியர், இசைஞர், தத்துவவாதி. பெண்கள் அவர்களுடைய காதலிகள், கூலிக்குத் தைப்பவர்கள். ஓபராவில் மிமி துணியில் பூ வேலை செய்து பிழைக்கிறாள். தான் செய்யும் பூவுக்கு மணமில்லையே என்று வருந்துகிறாள். கடைசியில் காசநோயில் சாகிறாள். கவிஞனுக்கு வறுமை ஒரு பருவம். அதைக் கடந்து அவன் எழுத்தாளனாகலாம். தைப்பவளுக்கு அதுவே ஆயுள். நான் கவிதை எழுதுகிறவள் என்பதால் இந்த வேறுபாடு என்னை உறுத்துகிறது. கவிஞனின் அறையில் அடுப்பு எரியாத குளிரை அழகாக எழுதியவர்கள் உண்டு. அதே குளிரில் ஊசி பிடித்த விரலின் கணக்கை எழுதியவர்கள் குறைவு.

பூமுடிக்கும் அந்தக் கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பாரிசிலும் லண்டனிலும் தலையில் சூடும் செயற்கைப் பூக்கள் பெரிய தொழில். செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், சிறுமிகள். இலைக்குப் பளிச்சென்ற பச்சை வர ஆர்சனிக் கலந்த பொடியைத் தூவினார்கள். 1861 நவம்பரில் லண்டனில் மெட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுத் தொழிலாளி அந்த நஞ்சால் இறந்தார். அவருடைய கண்ணின் வெண்மை பச்சையாகியிருந்தது. பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று அவர் மருத்துவரிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. விருந்துக்குப் போன சீமாட்டிகளின் தலையில் அந்த இலைகள் துளிர்த்திருந்தன.

லேசும் வெள்ளையும் விக்டோரியா அரசியின் 1840ஆம் ஆண்டுத் திருமணத்துக்குப் பிறகு பரவிய வழக்கம். அதற்கு முன் மணப்பெண்கள் இருப்பதில் நல்ல உடையை, எந்த நிறமானாலும், உடுத்தினார்கள். அரசி எந்திர லேசை விலக்கி, நலிந்துகொண்டிருந்த கைத்தொழிலைக் காக்க டெவன் பகுதியின் கையால் பின்னிய லேசைத் தேர்ந்தெடுத்தார். பியர் என்ற கடலோரக் கிராமத்திலும் சுற்றிலும் சுமார் 200 பெண்கள் பல மாதம் அதற்காகக் குனிந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டு சோறு கிடைத்தது என்பதும் உண்மை. ஒரு திருமணத் திட்டம் கைவேலைக்காரிக்குக் கூலியாக முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே கேள்வி லேஸ் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. பின்னியவளுக்கு என்ன கிடைத்தது என்பது.

அடுத்தது மரவண்டி. இங்கிலாந்தில் ரோமா வண்டி வாழ்க்கையைக் கலைஞர்களின் கனவாக்கியவர்களில் முக்கியமானவர் ஓவியர் அகஸ்டஸ் ஜான். ரோமானி மொழியைக் கற்றவர், வண்டியில் குடும்பத்தோடு திரிந்தவர். அவருடைய மனைவி ஐடா நெட்டில்ஷிப்பும் ஓவியர்தான். லண்டனின் ஸ்லேடு கலைப்பள்ளியில் படித்தவர். 1901இல் பதிவு அலுவலகத்தில் மணம். அதன் பிறகு 1902 முதல் 1907 வரை ஐந்து மகன்கள். அகஸ்டஸின் காதலி டோரேலியாவும் அதே வீட்டில் சேர்ந்தார். 1905இல் டார்ட்மூர் பொட்டலில் வண்டிக்குள் தன் குழந்தையைப் பெற்றார். ஐந்தாவது மகன் பிறந்தவுடன், 1907 மார்ச்சில், பிரசவக் காய்ச்சலில் ஐடா இறந்தார். வயது 30. அகஸ்டஸ் வரைந்துகொண்டே இருந்தார். ஐடாவின் தூரிகை முதல் குழந்தைக்குப் பிறகு ஏறக்குறைய நின்றுபோயிற்று. டோரேலியா தானே தைத்து உடுத்திய நீண்ட, சுருக்கு வைத்த பாவாடைகள் அந்த ஓவியங்கள் வழியே உலகுக்குப் போயின. இன்றைய போஹோ மணப்பெண் உடையின் மூதாதை அவைதாம். உடை பிழைத்தது. ஐடாவின் ஓவியம் பிழைக்கவில்லை.

இனி வானம். திறந்தவெளியில் மணம் செய்வதை ஆதிச் சுதந்திரம் என்று நினைக்கிறோம். இங்கிலாந்தில் அது நெடுங்காலம் சட்டத்துக்குப் புறம்பானது. 1753ஆம் ஆண்டுச் சட்டம், யூதரும் குவேக்கரும் தவிர மற்ற எல்லோரும் தேவாலயத்துக்குள்தான் மணக்க வேண்டும் என்றது. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் கேட்டது. ரகசிய மணங்களைத் தடுப்பதே அதன் நோக்கம். பொய்யும் தவறும் புகுந்த பின்னர்தான் சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியம் சொல்லும் காரணத்தை இதனோடு சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது. ஆனால் ஏமாற்றப்பட்டவளைச் சட்டம் காத்ததா? வாய்மொழியாக மணவாக்குக் கொடுத்தவனை மணமுடிக்கச் சொல்லும் அதிகாரம் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்து போயிற்று. சொத்துள்ள குடும்பம் தன் பிள்ளைகளைக் காத்துக்கொண்டது. வாக்கை நம்பிய ஏழைப் பெண்ணிடம் வெறும் வாக்கு மிஞ்சியது. ஓடிப்போக முடிந்தவர்கள் ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். 1836இல் பதிவு அலுவலகங்கள் வந்தன. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுமதி பெற்ற விடுதிகளிலும் மாளிகைகளிலும் மணக்க முடிந்தது. அங்கும் தலைக்கு மேல் கூரை வேண்டும். 2021 ஜூலை 1 முதல்தான் அந்த இடங்களின் தோட்டத்தில், வானத்தின் கீழ், பதிவுத் திருமணம் செல்லுபடியானது.

கூரை நீங்கியதால் மணம் மாறிவிடுமா? 1855 மே முதல் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பண்ணைவீட்டில் லூசி ஸ்டோனும் ஹென்றி பிளாக்வெல்லும் மணந்தார்கள். சடங்கின்போது இருவரும் கையெழுத்திட்ட ஓர் எதிர்ப்பு அறிக்கை வாசிக்கப்பட்டது. மனைவியின் உடல் கணவனின் பொறுப்பில் என்பதை, குழந்தைகள்மீது தகப்பனுக்கு மட்டும் உரிமை என்பதை, மனைவியின் சொத்தும் உழைப்பின் பலனும் கணவனுக்கே என்பதை, சட்டத்தின் அந்தக் கூறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மறுத்தது அது. லூசி தன் பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கும் விலை உண்டு: 1879இல் பள்ளிக் குழுத் தேர்தலில் மாசசூசெட்ஸ் பெண்களுக்கு வாக்கு கிடைத்தபோது, கணவர் பெயரில் பதிய மறுத்த அவருடைய பதிவு நீக்கப்பட்டது. வீட்டுக்குள் நடந்த அந்த மணத்தைப் போலத் திறந்த மணம் ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் மறுத்த முதல் கூறு இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது: 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும், 18 வயது நிறைந்த மனைவியின் சம்மதமின்றிக் கணவன் கொள்ளும் உறவை வன்புணர்வு என்று சொல்ல மறுக்கிறது.

போஹீமியாவுக்கே ஒருமுறை போய்வருவோம். தெற்கு போஹீமியாவின் லெட்டி கிராமத்தில் 1942இல் ரோமா குடும்பங்களை அடைத்த முகாம் இருந்தது. அங்கே 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். பலர் அங்கிருந்து ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். 1970களில் அந்த இடத்தில் பன்றிப் பண்ணை வந்தது. 2022இல்தான் இடிக்கத் தொடங்கினார்கள். பிழைத்தவர்களின் மகள்களுக்கு வேறொன்று காத்திருந்தது. கம்யூனிசக் காலத்திலும் அதற்குப் பிறகும், பிரசவத்துக்கு மருத்துவமனை போன ரோமா பெண்களுக்கு அவர்களுடைய உண்மையான சம்மதம் இல்லாமல் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அந்தப் பெண்கள் கூடி, பல ஆண்டுகள் போராடினார்கள். 2009இல் செக் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல் ஆளுக்கு 3 லட்சம் கொருனா இழப்பீடு தரச் சட்டம் வந்தது. 'போஹீமியப் பெண்' என்ற சொல் அவர்களைத்தான் முதலில் குறிக்க வேண்டும்.

தமிழில் அந்தச் சொல்லை 'நாடோடி' என்று பெயர்க்கிறோம். பாட்டில் வந்தால் இனிக்கும். பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்ணைக் குறித்தால் முகம் சுளிக்கும். பழங்குடிப் பட்டியலில் சேர அந்த மக்கள் 2023 வரை காத்திருந்தார்கள். மணப்பெண்ணின் கழுத்துக்கு மணி வரலாம். மணி கோத்தவள் பந்தலுக்குள் வரலாமா?

திறந்தவெளியில் மணக்கத் திட்டமிடும் பெண்களிடம் வானத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். பட்டியலில் சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன். மணி கோத்தவருக்கும், பூக்கட்டியவருக்கும், துணி தைத்தவருக்கும் பேரம் பேசாத கூலி. யாருடைய சம்பளம் யார் கணக்கில், குழந்தை எப்போது, வேண்டுமா, யாருடைய வேலை நிற்கும் என்பவற்றை எழுதிய ஒரு தாள். அதில் இருவர் கையெழுத்து. மாலை மாற்றும் முன் அதை ஒலிபெருக்கியில் வாசியுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்கும் கேட்கட்டும்.