வடபுலத்து வசந்தம்: பேசாத ஆண்கள் பாடிய வரலாறு

ஜப்பானிய ஆண்கள் தம் மனதிலுள்ளதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவர்கள் என்பது அந்நாட்டவரே தம்மைப் பற்றிக் கூறிக்கொள்ளும் கருத்தாகும். இது எந்த அளவுக்கு உண்மை என்பது விவாதத்திற்குரியது. எனினும் பகலெல்லாம் மேலதிகாரியின் முன் தலைகுனிந்து நின்ற அதே மனிதர், இரவில் சிறியதொரு மதுச்சாலையில் ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு, கண்களை மூடி, தாயையும் ஊரையும் இழந்த காதலையும் நினைந்துருகிப் பாடுவார் என்பதில் ஐயமில்லை. அவர் பாடும் பாடல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், போருக்குப் பிந்திய ஜப்பானின் சமூக வரலாறு ஒன்று நம் கண்முன் விரியும்.

கரோக்கே என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'கரா' என்றால் வெறுமை. 'ஓக்கே' என்பது ஓர்கெஸ்ட்ரா என்ற மேலைத்தேயச் சொல்லின் சுருக்கம். வாத்தியக்காரர் இல்லாத வாத்தியக்குழு என்று பொருள் கொள்ளலாம். இக்கருவியைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமைக் கோரிக்கைகள் உண்டு. டோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி என்பவர் 1967இல் இத்தகைய பெட்டியொன்றை உருவாக்கினார். அவர் தமது நூறாவது வயதில் 2024இல் காலமானார். ஆயினும் பெரும்பாலோர் குறிப்பிடுவது கோபே நகரத்து இனோவே டைசுக்கேயின் பெயரையே. மதுச்சாலைகளில் வாடிக்கையாளர் பாட, அவர்களுக்குப் பின்னணி இசைத்துப் பிழைத்த கலைஞர் அவர். நிறுவனத் தலைவர் ஒருவர் தம்முடன் சுற்றுலாவுக்கு வந்து வாசிக்குமாறு அழைத்தபோது, போக இயலாத இனோவே பின்னணி இசையை ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்த யோசனையின்படி 1971இல் 100 யென் நாணயம் இட்டால் இயங்கும் 11 கருவிகளைச் செய்து மதுச்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டார். அவர் காப்புரிமை பெறவில்லை. 2004இல் சமாதானத்துக்கான இக் நோபல் என்னும் நகைச்சுவை விருதே அவரைத் தேடிவந்தது.

இதில் கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. அக்காலத்தில் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மதுச்சாலை மதுச்சாலையாக ஏறி இறங்கி, கேட்பவர் விரும்பும் பாடலுக்கு இசைத்துக் காசு பெறும் 'நகாஷி' என்ற நாடோடிக் கலைஞர் கூட்டமொன்று இருந்தது. பின்னாளில் பெரும் பாடகராகிய கிதாஜிமா சபுரோ, புகழ்பெற்ற இசையமைப்பாளர் எண்டோ மினோரு ஆகிய இருவரும் அத்தொழிலிலிருந்து மேலெழுந்தவர்களே. கரோக்கேக் கருவி பரவப் பரவ அவர்களது தொழில் நலிந்தது. இசைக்கலைஞன் ஒருவன் உருவாக்கிய கருவி, இசைக்கலைஞர்களின் இடத்தையே வெறுமையாக்கிற்று.

இனிப் பாடல்களுக்கு வருவோம். நடுத்தர வயது ஆண்களின் கரோக்கே என்றவுடன் நினைவுக்கு வருவது 'என்கா' என்னும் வகை. இச்சொல் 1880களில் தோன்றியது. மக்கள் உரிமைக்காகப் போராடியவர்களின் மேடைப்பேச்சுகளை மெய்ஜி அரசு அடக்கியபோது, அவர்கள் தம் கருத்துகளைப் பாட்டாக்கித் தெருவில் பாடினர். பேச்சுக்கு மாற்றான பாட்டு என்பதே அதன் முதற்பொருள். காலப்போக்கில் அரசியல் உதிர்ந்து, காதலும் கண்ணீரும் மதுவும் அவ்விடத்தைப் பிடித்தன. இன்று ஜப்பானியரின் தொன்மையான ஆன்மா என்று போற்றப்படும் இவ்வகைக்கு அப்பெயர் நிலைத்தது 1960களின் பிற்பகுதியிலும் 1970ஐ ஒட்டியுமே. இட்சுகி ஹிரோயுகி 1966இல் எழுதிய நாவலுக்கும், இசைத்தட்டு நிறுவனங்களின் விளம்பரங்களுக்கும் அதில் பங்குண்டு. மரபு என்று நாம் நம்பும் பல விடயங்கள் நமது தந்தையர் காலத்தில் உருவானவை என்பதற்கு இதுவுமோர் உதாரணம்.

இப்பாடல்கள் பலவற்றின் அடித்தளம், மேலைச் சுரவரிசையில் நான்காவதையும் ஏழாவதையும் நீக்கிய ஐந்து சுர அமைப்பாகும். அதன் ஒரு வடிவம் சுரங்களின் அளவில் நமது மோகன இராகமே. தமிழ்ச் செவிக்கு இப்பாடல்கள் முற்றிலும் அந்நியமாக ஒலிக்காமைக்கு அதுவே காரணமாகலாம்.

ஆனால் இப்பாடல்களை இசையாக மட்டும் கேட்டால் பாதிதான் விளங்கும். 1954 ஏப்ரலில் வடக்கேயுள்ள அவோமொரியிலிருந்து டோக்கியோவின் உவேனோ நிலையத்திற்கு விசேட புகையிரதம் ஒன்று புறப்பட்டது. அதிலிருந்தவர்கள் அப்போதுதான் இடைநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள். தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் கூட்டாக வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள். ஆண்டுதோறும் வசந்தத்தில் இத்தகைய புகையிரதங்கள் ஓடின. 1975 வரை இது தொடர்ந்தது. முதலாளிகள் இவர்களைத் 'தங்க முட்டைகள்' என்றழைத்தனர். பாராட்டுப் போல ஒலிக்கும் அச்சொல்லின் பொருள், மலிவாகவும் அரிதாகவும் கிடைத்த உழைப்பு என்பதே. 1964இல் இசாவா ஹச்சிரோ பாடிய 'ஆ, உவேனோ நிலையம்' இவர்களின் கீதமாயிற்று. பாடியவரும் அவோமொரிக்காரரே. அந்நிலையத்தின் அருகே 2003இல் அப்பாடலுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

அதே பிள்ளைகள் நடுவயதை நெருங்கியபோது, 1977இல், 'வடபுலத்து வசந்தம்' வெளிவந்தது. சொற்கள் இதே ஹக்குவுடையவை. இசை எண்டோ மினோருவுடையது. பாடியவர் இவாத்தே மாவட்டத்தின் ரிக்குசென்தகாதாவில் பிறந்த சென் மசாவோ. பழைய மேலங்கியும் தொப்பியுமாக, வேலை தேடி நகருக்கு வந்த கிராமத்தான் கோலத்தில் அவர் மேடையேறினார். பருவம் மாறுவது தெரியாத நகரத்தில் வாழும் ஒருவன், தாய் அனுப்பிய சிறு பொதியைக் கண்டு ஊரை நினைக்கிறான் என்பதே பாடலின் பொருள். அதிகம் பேசாத தந்தையும் அண்ணனும் எப்போதாவது எதிரெதிரே அமர்ந்து மது அருந்துவார்களா என்றும் அவன் எண்ணிப் பார்க்கிறான். பேசத் தெரியாத ஆண்களைப் பற்றி, பேசத் தெரியாத ஆணொருவன் பாடும் பாடல் அது. உச்சத்தை உடனே தொடாமல் மெல்ல மெல்லப் பரவிய அப்பாட்டைத் தெரேசா தெங் சீன மொழியில் பாட, அது ஆசியாவெங்கும் சென்றது.

சென் மசாவோவின் பிற்கால வாழ்வும் ஒரு பாடமே. 1980களில் ஜப்பானில் காணி விலை விண்ணைத் தொட்டபோது அவர் நிலத்திலும் ஹோட்டல்களிலும் பெருமுதலிட்டார். 1990களின் தொடக்கத்தில் அக்குமிழி வெடிக்கவே மாபெரும் கடனில் மூழ்கினார். மீண்டும் மேடைக்கு வந்து அதே பாடலைப் பாடினார். 2011 மார்ச் 11ஆம் திகதி அவரது சொந்த ஊரைச் சுனாமி அழித்தது. கடற்கரையில் நின்ற ஏறத்தாழ 70,000 பைன் மரங்களில் ஒன்றே ஒன்று எஞ்சியது. 2004 டிசெம்பரில் அதே அழிவைக் கண்ட நமக்கு, திரும்பிப் போவோமா என்று கேட்கும் அப்பாட்டு அதன்பின் என்ன பொருள்படும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஊர் நினைவைச் சிரிப்பாக்கியவரும் உண்டு. அவோமொரியில் பிறந்த யோஷி இக்குசோ, வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாத தம் கிராமத்தைக் கேலிசெய்து டோக்கியோவுக்குப் புறப்படும் ஒருவனின் பாட்டை 1984இல் பாடினார். அவரே 1988இல் மதுவை நண்பனாக விளித்து எழுதிப் பாடிய 'சாக்கே யோ', தனித்துக் குடிக்கும் ஆண்களின் நிரந்தரப் பாடலாயிற்று. 1979இல் சதா மசாஷி பாடிய 'கம்பாக்கு செங்கென்' மணமகளுக்கு ஒருவன் விதிக்கும் நிபந்தனைகளின் பட்டியல். பெண்கள் தரப்பிலிருந்து கண்டனங்கள் எழுந்தன. ஆனால் வீறாப்பாய்த் தொடங்கும் அப்பாட்டு, எனக்கு முன் நீ இறந்துவிடாதே என்ற மன்றாட்டத்தை நோக்கி இறங்குவதைப் பாடியவர்கள் அறிவர். 1972இல், அதாவது கரோக்கே பிறந்த மறு ஆண்டில், பெண்ணின் வாய்மொழியாகவே ஒரு பாட்டைப் பாடிப் பல இலட்சம் இசைத்தட்டுகளை விற்ற பின்கரா ட்ரியோ மூவரும் ஆண்கள். அழுவதற்கு ஆண்குரல் போதாதபோது பெண்குரலைக் கடன்வாங்குவது அங்கு வழக்கமே.

துயரத்தை மறைத்துப் பாடுவதன் உச்சம் 1961இல் சகாமோட்டோ கியூ பாடிய 'மேல்நோக்கி நடப்போம்'. 1960இல் அமெரிக்கப் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு எதிரான போராட்டம் தோற்ற ஏமாற்றம், எய் ரொக்குசுக்கே எழுதிய அச்சொற்களின் பின்னணியில் இருந்தது. 1963 ஜூனில் அது அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆனால் அங்கே அதற்குச் சூட்டிய பெயர் பாட்டோடு சம்பந்தமேயில்லாத ஓர் இறைச்சி உணவின் பெயரான 'சுக்கியாக்கி'. சகாமோட்டோ 1985 ஓகஸ்ட் 12ஆம் திகதி 520 உயிர்களைக் காவுகொண்ட விமான விபத்தில் மாண்டார்.

1980களின் நடுப்பகுதியில் ஒக்கயாமாவில் பழைய சரக்குக் கொள்கலன்களை அறைகளாக்கிக் 'கரோக்கே பெட்டி' தொடங்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. மதுச்சாலையில் முன்பின் அறியாதவர் முன் பாடியவர்கள், இப்போது நண்பர்களோடு மட்டும் பாடினர். இளைஞரும் பெண்களும் பெருமளவில் வந்தனர். ப்ளூ ஹார்ட்ஸ் குழுவின் 'லிண்டா லிண்டா' போன்ற கூச்சல் நிறைந்த பாடல்கள் புதிய தலைமுறையின் தெரிவாயின. ஒவ்வொருவருக்கும் கைவந்த பாட்டொன்று உண்டு என்ற வழக்கம் மட்டும் மாறவில்லை. அதனைப் 'பதினெட்டாம் இலக்கம்' என்பர். கபுக்கி நாடகக் குடும்பமொன்று பேணிய பதினெட்டு நாடகங்களிலிருந்து வந்த பெயர் அது. மேலதிகாரியின் பதினெட்டாம் இலக்கத்தை இளநிலை ஊழியர் பாடிவிடக்கூடாது என்பது எழுதாத சட்டம். விடுதலை தரும் அந்த ஒலிவாங்கியையும் அலுவலகப் படிநிலை விட்டுவைக்கவில்லை.

உவேனோவில் வந்திறங்கிய பிள்ளைகள் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது, முதியோர் பகலில் கூடிப்பாடும் கரோக்கே இடங்கள் சில தொற்றுக் கொத்தணிகளாயின. அவர்களது கடைசிக் கூடுமிடங்களும் சில காலம் பூட்டப்பட்டன. நாடு வளம்பெற்ற கதையைப் புள்ளிவிபரங்களில் எழுதியவர்கள் பலர். அவ்வளத்துக்காக ஊரையும் இளமையையும் கொடுத்தவர்கள் தம் பங்கை எழுதிவைக்கவில்லை. அவர்கள் அதைப் பாடினார்கள். அப்பாடல்களை ஆவணமாகக் கொள்ளாமல் ஜப்பானின் எழுச்சியை எழுதும் எந்த வரலாறும் முழுமை பெறாது.