அகப்பக்கத்தின் பெயர் யார் கையில்?

2015 ஜனவரி 26ஆம் தேதி மலேசியா ஏர்லைன்ஸ் அகப்பக்கத்தைத் திறந்த பலருக்கு ஊடுருவல்காரர்களின் அறிவிப்புதான் தெரிந்தது. தனது சர்வர்கள் பாதிக்கப்படவில்லை, டொமேன் பெயரின் வழிதான் திருப்பிவிடப்பட்டது என்று நிறுவனம் விளக்கியது. கடை பூட்டியபடி இருந்தது. வழிகாட்டிப் பலகையைத் திருப்பிவிட்டார்கள்!

ஜொகூரில் நகைக்கடை, பூக்கடை, கேட்டரிங் என அகப்பக்கம் வைத்திருக்கும் நம் வணிகர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டொமேன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியுள்ளது? பக்கத்தை வடிவமைத்தவரின் பெயரில் இருந்தால், புதுப்பிப்பு நினைவூட்டலும் அவருக்கே போகும். அவர் தொடர்பு விட்டுப்போய், தீபாவளி ஆர்டர் குவியும் வாரத்தில் பக்கம் மறைந்தால் நட்டம் உங்களுக்கு. '.மை' பெயர்களின் பதிவகம் மைநிக். பதிவு செய்த முகவரைக் கேட்டு, நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்கு இருநிலைச் சரிபார்ப்பும் தேவை.

வேர்ட்பிரஸ் பக்கமென்றால் பிளக்இன்களை உடனுக்குடன் புதுப்பியுங்கள், பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள். காப்புப் பிரதியை வேறிடத்தில் வையுங்கள். அதே சர்வரில் இருந்தால் சர்வரோடு அதுவும் போய்விடும்.

2018 ஜூலை முதல், எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கங்களை 'பாதுகாப்பற்றது' என்று குரோம் காட்டுகிறது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது.

பக்கம் மெதுவாகத் திறந்தால் முதலில் படங்களைப் பாருங்கள். கைப்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள். தோட்டப்புறத்தில் சிக்னல் குறைந்த இடத்தில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்ல சோதனை.

ஊடுருவல் நடந்துவிட்டால் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றி, சைபர்999 சேவையில் புகார் செய்யலாம்.