உளநலக் கையளிப்புக் குறிப்பு

உளநலக் கையளிப்புக் குறிப்பு என்பது உளநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் ஒரு மருத்துவக் குழுவின் பொறுப்பிலிருந்து மற்றொரு குழுவின் பொறுப்புக்கு மாறும்போது எழுதி அனுப்பப்படும் ஆவணம் ஆகும். மருத்துவமனையிலிருந்து சமூக உளநலக் குழுவுக்கும், சிறுவர் பிரிவிலிருந்து வளர்ந்தோர் பிரிவுக்கும் இம்மாற்றம் நிகழலாம். உளநோயின் வரலாற்றைக் குருதிச் சோதனையால் அறிய இயலாது என்பதால், குறிப்பில் விடுபட்டது புதிய குழுவுக்குத் தெரியாமலே போகக்கூடும்.

இங்கிலாந்து நிகழ்வு

இங்கிலாந்தில் 1991 இல் அறிமுகமான பராமரிப்புத் திட்ட அணுகுமுறை, நோயாளிக்கு எழுத்துவடிவத் திட்டமும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும் என்றது. எனினும் 1992 டிசம்பர் 17 அன்று இலண்டன் ஃபின்ஸ்பரி பார்க் தொடருந்து நிலையத்தில், மனச்சிதைவு நோயுடைய கிறிஸ்டோபர் குளூனிஸ், தமக்கு அறிமுகமற்ற ஜொனாதன் சிட்டோ என்பவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். ஜீன் ரிச்சி தலைமையிலான விசாரணைக் குழு 1994 இல் அறிக்கை வெளியிட்டது. குளூனிஸ் பல ஆண்டுகளாக மருத்துவமனை மாறி மருத்துவமனை சென்றிருந்தார். அவரது முந்தைய வன்முறை நிகழ்வுகள் குறிப்புகளில் விடுபட்டிருந்தன, அல்லது குறைத்துக் காட்டப்பட்டிருந்தன. அறிக்கை யாரேனும் ஒருவர் மீது மட்டும் பழி சுமத்தவில்லை.

இந்நிகழ்வால் கையளிப்பு பொதுமக்கள் பாதுகாப்புக்கானது என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் ஆபத்து பெரும்பாலும் நோயாளிக்கே உரியது. உளநல மருத்துவமனையை விட்டு வெளியேறிய முதல் இரு வாரங்களில் தற்கொலை ஆபத்து மிக அதிகம்.

உள்ளடக்கம்

“ஆபத்து குறைவு”, “முரடர்” போன்ற முடிவுச் சொற்கள் புதிய குழுவுக்கு உதவா. எப்போது, எச்சூழலில், என்ன நடந்தது, எது அவரை அமைதிப்படுத்தியது என்பன வேண்டும். மருந்துப் பெயர் மட்டும் எழுதுவதும் போதாது. எடுத்துக்காட்டாக, குளோசாப்பின் 48 மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டால் பழைய அளவில் தொடரக்கூடாது. மிகக் குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். எனவே கடைசியாக உட்கொண்ட நாளும் வேளையும் இன்றியமையாதவை. நீடித்து செயற்படும் ஊசிமருந்துக்கு அடுத்த தவணை நாள் தேவை. நோயாளியும் குடும்பத்தினரும் குறிப்பைப் படித்துப் பார்த்தால் பல பிழைகள் அங்கேயே திருந்தும்.

கால அளவு

இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, மருத்துவமனையை விட்டு வெளியேறிய 24 மணி நேரத்துக்குள் குடும்ப மருத்துவருக்குக் கடிதமும், ஒரு வாரத்துக்குள் விரிவான சுருக்கமும் செல்லவேண்டும். நோயாளியை 7 நாட்களுக்குள் தொடர்புகொள்ளவேண்டும். தற்கொலை ஆபத்து அறியப்பட்டிருந்தால் 48 மணி நேரத்துக்குள். கடிதம் அனுப்பப்பட்டதாலேயே கையளிப்பு முடிந்துவிடுவதில்லை. பெறும் குழு அதைப் படித்து, பொறுப்பேற்றவரின் பெயரைத் தெரிவிக்கும்வரை அனுப்பிய குழு பொறுப்பைத் தொடர்வதே பாதுகாப்பான நடைமுறை.